இசைத்தட்டில் ஏறிய பாட்டு

கனடாவில் நான் முதலில் கேட்ட சங்கீதம் ஒரு பழைய வான் வண்டிக்குள்ளிருந்து வந்தது. தை மாதம். விமான நிலையத்திலிருந்து அத்தான் தன் நண்பரின் காரில் என்னை ஏற்றி வந்து, ஸ்காபரோவில் தாங்கள் இருக்கும் தொடர்மாடியின் நிலத்தடித் தரிப்பிடத்தில் இறக்கினார். அங்கே கார்கள் வரிசையாக அசையாமல் நின்றன. ஒரு மூலையில் நின்ற வெள்ளை வான் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடிகள் ஆவி படிந்து மங்கியிருந்தன. உள்ளே யாரோ சக்சபோன் வாசித்தார்கள்.

“அது எங்கடை வான்தான்,” என்றார் அத்தான். “அதாலைதான் உம்மைக் கூட்டிவர மற்றவன்ரை காரைக் கெஞ்சி வாங்கினனான்.”

“நான் களவு போகுதாக்கும் எண்டு நினைச்சன்.”

“களவெடுக்கிறவன் ஊதிக்கொண்டே எடுப்பான்?”

வானுக்குள் இருந்தவன் பெயர் டாயோ. நைஜீரியாக்காரன், முப்பது வயது இருக்கும். அத்தானுடன் மார்க்கம் நகரில் அட்டைப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அதே தொடர்மாடியில்தான் வீடு. வீட்டில் ஊதினால் பக்கத்து வீட்டார் சுவரில் குத்துகிறார்கள் என்பதால் அத்தான் வான் சாவியைக் கொடுத்துவைத்திருந்தார். கதவைத் திறந்து இறங்கியவன் அத்தானைக் கண்டதும் முழங்காலை மடித்து வலக்கையால் நிலத்தைத் தொட்டான். மூத்தவர்களுக்கு அவர்கள் ஊரில் அதுதான் மரியாதையாம். பிறகு எனக்கும் அப்படியே செய்தான். பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் குனிந்தேன். புதிதாகப் போட்ட கம்பளித் தொப்பி கீழே விழுந்தது. அவனே எடுத்துத் தந்தான்.

நான் போனது அக்காவின் மகள் தர்ஷினியின் கல்யாணத்துக்கு. தாய்மாமன் நான் வந்து நிற்கவேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தா. சபையில் நிற்பது எனக்குச் சரிவராத காரியம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் சேர்ந்தவன் நான். பிறகு அது என் கடையாயிற்று. கல்யாண வீடுகளில் பந்தலுக்குப் பின்னால் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்தே பழகியவன். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது தொழிலும் நின்றது. விசா கிடைத்த கதையை இங்கே விட்டுவிடுகிறேன்.

லிப்டில் மேலே போகும்போது அத்தான் டாயோவின் கதையைச் சொன்னார். தகப்பன் லாகோஸ் நகரத்தில் பெரிய பாட்டுக்காரர். சொந்தமாகப் பாண்ட் வைத்திருந்தவர். அதிலிருந்தவர்கள் அவரை லீடர் என்றே கூப்பிடுவார்களாம். அவர்கள் வாசிக்கும் சங்கீதத்துக்கு அஃப்ரோபீட் என்று பெயர்.

“ஒரு பாட்டுத் துவங்கினால் நீர் போய்க் குளிச்சுச் சாப்பிட்டிட்டு வரலாம். முடிஞ்சிராது,” என்றார் அத்தான். “தேப்பன் போன வருசம் செத்துப்போனார். வாற சனி மத்தியானம் அவற்றை நினைவுக்கு இவன் ஒரு கச்சேரி வைக்கிறான். தேப்பனோடை துவக்கத்திலை இருந்து டிரம் அடிச்ச கிழவன் ஒருத்தர் இஞ்சை இருக்கிறார். அவர் வந்து இருந்தால்தான் மற்றவங்களும் வந்து இருப்பாங்கள். கச்சேரி முடியக் கிழவன் ஓம் எண்டால் தேப்பன்ரை பாண்டும் பேரும் இவனுக்கு.”

“இல்லையெண்டால்?”

“இல்லையெண்டால் என்னோடை சேர்ந்து பெட்டி மடிக்கிறதுதான்.”

அடுத்த நாள் காலையில் அக்கா இடியப்பம் தந்தா. கடையில் வாங்கியது, பனிக்கட்டியாக உறைந்திருந்து மின்னடுப்பில் உயிர் பெற்றது. சம்பல் மட்டும் ஊர்ச் சம்பல். யன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. அந்தக் குளிரில் ஒருவன் ஐஸ்கிறீம் தின்றபடி பஸ்ஸுக்கு நின்றான்.

பின்னேரம் அத்தான் என்னை அச்சகத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு கடைத்தொகுதியின் பின்பக்கத்தில், நம்மவர் ஒருவர் நடத்துவது. கல்யாண அட்டை, பெண் பெரியவளாகும் சாமத்தியவீட்டு அட்டை, மரண அறிவித்தல், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி எல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். தர்ஷினியின் கல்யாண அட்டையில் மிச்சம் எடுக்கப் போனோம். டாயோவின் கச்சேரிக்குச் சுவரொட்டி அடித்துத் தருவதாகவும் அத்தான் ஏற்றிருந்தார். டாயோ தந்த தகப்பனின் படத்தை மேசையில் வைத்தார்.

அச்சகக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணை, ஆள் இருக்கிறாரோ, மோசம் போனவரோ?”

“போன வருசம் போயிட்டார்.”

“அப்ப விளக்கு வேணும்.”

முட்டை வடிவத்துக்குள் படத்தை வைத்தார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே ஒரு தாமரை. சக்சபோனை வாயில் வைத்து நெற்றி நரம்பு புடைக்க நின்ற அந்த மனிதர் எங்கள் ஊர் ஓய்வுபெற்ற தபாலதிபர் போல ஆகிவிட்டார்.

“பாட்டுப் பேர் ஒண்டும் இல்லையோ?” என்றார் அச்சகக்காரர். “வெறும் பேரைப் பாத்து ஆர் வருவினம்?”

அத்தான் யோசித்தார். “தண்ணி வரிசை எண்டு ஒரு பாட்டு இருக்கு. வேலையிடத்திலை அவங்கடை ஆக்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டு இவனை அரிக்கிறவங்கள். அதைப் போடும். பெரிசாப் போடும்.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் ஊரில் ஜனம் கேட்ட பாட்டு என் பெட்டியில் இல்லாவிட்டால் ஒலிபெருக்கிக் குழாய்க்குக் கல் வரும்.

அன்றே அத்தானின் கூட்டாளிகள் சுவரொட்டிகளைக் கொண்டுபோய் ஆபிரிக்கச் சாமான் கடைகளிலும் முடிவெட்டும் கடைகளிலும் ஒட்டிவிட்டார்கள். டாயோ வேலையால் வந்த பிறகு ஒன்றைக் காட்டினோம். விளக்குகளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். “என் அப்பாவைக் கோயிலுக்குள் வைத்துவிட்டீர்கள்,” என்றான். கீழே இருந்த வரியைப் படித்ததும் சிரிப்பு நின்றது.

விஷயத்தை அப்போதுதான் சொன்னான். அவன் தகப்பனுக்கு ஒரு சட்டம் இருந்தது. புதுப் பாட்டை மாதக்கணக்காக மேடையில் வாசிப்பார். அது இசைத்தட்டில் ஏறிய பிறகு மேடையில் தொடமாட்டார். யார் கேட்டாலும் இல்லை. தண்ணி வரிசை தட்டில் ஏறியது டாயோ சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில்.

“அப்ப சனம் என்னத்தைக் கேக்கவெண்டு வாறது?” என்றார் அத்தான். தர்ஷினி அதை ஆங்கிலத்தில் கேட்டாள்.

“அப்பாவிடமும் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்,” என்றான் டாயோ.

மூன்றாம் நாள் அந்தக் கிழவரே வந்துவிட்டார். டாயோவும் கூட வந்தான். கிழவர் ஒல்லியான, சின்ன உருவம். காவலாளி உடுப்பு, இடுப்பில் சாவிக் கொத்து. எல்லோரும் அவரைப் பாப்பா சண்டே என்றார்கள்.

“மாமா, பாப்பா எண்டால் அப்பா. சண்டேதான் அவற்றை ரியல் நேம்,” என்றாள் தர்ஷினி. “சண்டே பிறந்தவராம், சோ சண்டே எண்டே வச்சிட்டினம்.”

கிழவர் மடித்த சுவரொட்டியை மேசையில் வைத்தார். பேச்சு தொடங்கும் முன் அக்கா சாப்பாட்டை வைத்துவிட்டா. புட்டு, ஆட்டிறைச்சிக் கறி, வெண்டிக்காய்க் கறி. பாப்பா சண்டே கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கழுவி வந்தார். புட்டைக் கறியில் குழைத்து உருட்டினார். இந்த ஊரில் தன்னோடு கையால் சாப்பிடும் வேறு ஆட்களைக் கண்டதில் அவருக்குத் திருப்தி. வெண்டிக்காயை எடுத்துப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

“வழுவழுப்பு எங்கே?” என்று கேட்டாராம்.

அக்காவுக்குப் பெருமை. “வழுவழுப்புப் போகப் பொரிச்சுத்தானே வைக்கிறனான் எண்டு சொல்லு பிள்ளை.”

தர்ஷினி சொன்னாள். கிழவர் தலையில் கை வைத்தார். அந்த வழுவழுப்புக்காகத்தான் தங்கள் ஊரில் வெண்டிக்காயே சமைப்பார்களாம். அக்கா அன்று முழுவதும் இதைச் சொல்லிச் சொல்லி ஆறவில்லை.

கை கழுவிய பிறகு கிழவரின் குரல் மாறியது. தர்ஷினி எங்களுக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“பையா, அந்தப் பாட்டின் முதல் அடி என் காதில் விழுந்தால் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.”

“பாடாவிட்டால் மண்டபம் காலியாகிவிடும், பாப்பா.”

“காலி மண்டபத்திலும் உன் அப்பா வாசித்திருக்கிறார்.”

“அப்பாவுக்கு அப்போது பெயர் இருந்தது. எனக்கு இல்லை.”

“அதைப் பார்க்கத்தான் வருகிறேன்,” என்றார் கிழவர்.

அத்தான் நெளிந்தார். “பிழை என்னிலைதான். கடை கடையாய்ப் போய்க் கறுப்பு மையாலை அந்த வரியை அழிச்சுவிடுறன் எண்டு சொல்லு.”

கிழவர் கையை உயர்த்தித் தடுத்தார். ஒட்டியது ஒட்டியபடி இருக்கட்டும், இவன் என்ன செய்கிறான் என்று பார்ப்போம் என்றார். போகும்போது இரண்டு பேரும் அக்காவுக்குக் குனிந்து நன்றி சொன்னார்கள்.

அடுத்த நாள் வெற்றிலை வாங்க என்னைத் தனியாகத் தமிழ்க்கடைக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் நாலைந்து தரிப்பு. இறங்கவேண்டுமென்றால் யன்னலோரம் இருக்கும் கயிற்றை இழுக்கவேண்டும், மணி அடிக்கும் என்று அக்கா சொல்லியிருந்தா. அந்த மணி பஸ் முழுவதற்கும் கேட்கும் என்பதை நேரில்தான் கண்டேன். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று கை எழவில்லை. வேறு யாராவது என் தரிப்பில் இறங்குவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் இறங்கவில்லை. கடை யன்னலில் தெரிந்து மறைந்தது. அப்படியே மோர்னிங்சைட் வரை போய், நிறையப் பேர் இறங்கிய இடத்தில் நானும் இறங்கினேன். குளிருக்கு ஒதுங்க ஒரு பெரிய கடைத்தொகுதிக்குள் நுழைந்தால், வாசலில் காவல் நின்றவர் பாப்பா சண்டே.

அவர் என்னை வாங்கில் உட்கார வைத்து, தன் போத்தலிலிருந்து கோப்பி ஊற்றித் தந்தார். எனக்கு ஆங்கிலம் சந்தைக்குப் போதுமான அளவுதான். அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். நான் ஒலிபெருக்கிக்காரன் என்று டாயோ சொல்லியிருப்பான் போல. “ரெக்கோட்,” என்று சொல்லிக் காற்றில் ஒரு வட்டம் கீறினார். “ரெக்கோட், போட்டோ. உயிர் இல்லை.” பிறகு தன் முழங்காலில் விரல்களால் தட்டினார். வலக்கை ஒரு கணக்கு, இடக்கை வேறு கணக்கு. “இது உயிர்.” கடைசியாக என் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்: “போட்டோவுக்கு யாராவது சோறு போடுவார்களா?”

இல்லை என்று தலையாட்டினேன். நாங்கள் போடுவோம். ஒவ்வொரு திவசத்துக்கும் படத்தின் முன்னால் வாழையிலை விரித்து மரக்கறியும் வடையும் படைப்போம். அதைச் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. அவரே என்னைத் திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏற்றி, இறங்குமிடத்தைச் சாரதியிடம் சொல்லிவிட்டார். அதனால் மணி அடிக்கும் வேலை இருக்கவில்லை. வெற்றிலை வாங்க மறந்துபோனேன்.

சனிக்கிழமை மண்டப வாசலில் வானின் பக்கக் கதவு உறைந்து இறுகிவிட்டது. இருந்த மேளங்கள் எல்லாம் உள்ளே. அத்தான் இழுத்தார், உதைத்தார். அக்கா தந்துவிட்ட தேத்தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கதவிடுக்கில் ஊற்றினார். தேத்தண்ணீரும் உறைந்தது. கடைசியில் நான் முன் ஆசனத்தால் ஏறி உள்ளே போய், ஒவ்வொரு மேளமாகச் சாரதி ஆசனத்துக்கு மேலால் நீட்டினேன். அத்தான் வெளியே நின்று வாங்கினார். “கவனம் மச்சான், கியர் தடியிலை தட்டாதையும்,” என்பதே அவர் அன்று எனக்குச் சொன்ன ஒரே அறிவுரை.

மண்டபம் நிறைந்துவிட்டது. பெண்கள் தலையில் விறைப்பான துணியைக் கோபுரம் போல் கட்டியிருந்தார்கள். பின்னால் மேசையில் சிவப்புச் சோறும் பொரித்த கோழியும். எங்களைவிட உறைப்புத் தின்னும் சனம் உலகத்தில் உண்டு என்பதை அன்று அறிந்தேன். அத்தான் கண்ணீர் வடியத் தின்றார். “நல்லா இருக்கு,” என்றார், மூக்கைத் துடைத்தபடி.

முதலில் பாப்பா சண்டேயின் டிரம் தனியாகக் கேட்டது. பிறகு சுரைக்குடுவையில் மணி கோத்த ஒரு வாத்தியம் சேர்ந்தது. இரண்டு கிற்றார்காரர்கள் ஒரே சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். ஆணி அடிப்பவன் போல ஒரே இடத்தில். அதற்கு மேலே குழல்கள் வந்தன. டாயோ வாய் திறந்து பாடும் முன் நான் ஒரு தட்டுச் சோற்றை முடித்திருந்தேன். யாருக்கும் அவசரம் இல்லை. எங்கள் கல்யாண வீட்டில் இந்தப் பாட்டைப் போட்டிருந்தால் தாலி கட்டிப் பந்தி முடிந்து வாழைமரமும் அவிழ்த்திருப்பார்கள்.

அந்தப் பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த பருத்த மனிதர் எழுந்தார். கையில் குத்துவிளக்குப் போட்ட எங்கள் சுவரொட்டி. அதைத் தூக்கிக் காட்டிப் பாட்டின் பெயரைச் சத்தமாகக் கேட்டார். பின்னால் இன்னொருவர். பிறகு மண்டபம் முழுவதும் கை தட்டி அதையே கேட்டது. மேடையில் இருந்த எல்லோரும் டாயோவைப் பார்க்கவில்லை, பாப்பா சண்டேயைப் பார்த்தார்கள். அவர் குச்சிகள் இரண்டையும் மடியில் குறுக்காக வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

“பாடித் துலையன்ரா,” என்று அத்தான் என் காதுக்குள் முணுமுணுத்தார். அடுத்த மூச்சில், “ஐயோ வேண்டாம், கிழவன் எழும்பிடும்,” என்றார்.

டாயோ ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்தான். தர்ஷினி எங்களுக்குச் சொன்னாள்.

“அது என் அப்பாவின் பாட்டு. அவர் அதைப் பாடி முடித்துவிட்டார். நான் பாடப்போவது என்னுடையது. இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.”

கிழவர் குச்சிகளை எடுத்தார்.

பருத்த மனிதர் அங்கேயே நின்றபடி கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு மேலங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கதவு திறந்தபோது குளிர் உள்ளே வந்தது. அதன்பின் கதவு திறந்து திறந்து மூடியது. வாசலில் சிலர் டிக்கெட்டைக் காட்டி உரத்துப் பேசினார்கள். டாயோவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், மேடைக்கு நேரே எதிரில்தான் கதவு. அவன் ஊதுவதை வேகப்படுத்தவில்லை, சுருக்கவும் இல்லை. பாடவேண்டிய இடம் வரும்வரை காத்திருந்து பாடினான். ஒரு சின்ன அடியைக் குழுவிலிருந்த பெண்கள் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள்.

“என்னவாம் பிள்ளை?” என்றார் அத்தான்.

“மடி, ஒட்டு, அடுக்கு. அவ்வளவுதான், அப்பா. பொக்ஸ் செய்யிறதைப் பற்றி.”

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “உது எங்கடை லைன்!” என்றார். கொஞ்ச நேரத்தில் அவருடைய கைகள் மடியில் தாமாக அசையத் தொடங்கின. மடித்தன, ஒட்டின, அடுக்கின. பாப்பா சண்டேயின் இடக்கை அடிக்கும் கணக்குக்கு அது சரியாகப் பொருந்தியது. தொழிற்சாலையில் இயந்திரம் ஓடும் கணக்கே அதுதான் என்று பிறகு அத்தான் சொன்னார்.

பாட்டு முடிந்தபோது மண்டபத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தவர்கள் நின்றுகொண்டு கைதட்டினார்கள். கதிரைகள் நிறையக் காலியாக இருந்ததால் அந்தச் சத்தம் எதிரொலித்தது.

அத்தான் வானைச் சூடாக்கப் போனார். நான் மேடையடியில் கம்பிகளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை, கை பழக்கம். டாயோவும் பக்கத்தில் குந்தி இன்னொரு கம்பியைச் சுற்றினான். பாண்டுக்காரர் தங்கள் வாத்தியங்களைப் பெட்டிகளில் வைத்தார்கள். பாப்பா சண்டே தன் டிரம்மின் வெண்கலத் தட்டுகளைக் கழற்றித் துணியில் சுற்றினார். எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகுதான் வாய் திறந்தார். சின்னச் சின்ன ஆங்கிலம்தான், எனக்கே விளங்கியது.

“ஒத்திகை எப்போது?”

“வியாழக்கிழமை. ஆறு மணி,” என்றான் டாயோ.

“வியாழன் எனக்கு வேலை முடிய ஏழாகும். ஏழரைக்கு வருகிறேன், பையா.”

டாயோவின் கை நின்றது. கிற்றார்காரர் தூக்கிய பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். டாயோ நிமிர்ந்து பார்க்கவில்லை. கம்பியின் கடைசிச் சுற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

“ஆறு மணி,” என்றான்.

கிழவர் அவனுடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேலங்கியை மாட்டிக்கொண்டு தட்டுகளைக் கக்கத்தில் வைத்தார்.

“வேலையிடத்தில் சொல்லி மாற்றிக்கொள்கிறேன், லீடர்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அத்தான் கைகளை உரசிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். “என்ன மச்சான், கிழவன் என்னவாம்? பேர் குடுத்தாரோ?”

“வியாழக்கிழமை ஆறு மணிக்கு வாறாராம்.”

“அதைக் கேக்கேல்லையப்பா. பேரைப் பற்றி என்ன சொன்னவர்?”

“அதுதான் சொன்னவர்,” என்றேன்.